பெரிய கைக்கு வாங்கிய மௌஸ்

கட்டைவிரல் இல்லாமல் ஒரு மனுஷியால் என்னென்ன செய்ய முடியாது என்று யாராவது தெரிந்துகொள்ள விரும்பினால் என்னிடம் வரட்டும். ஊக்கு குத்த முடியாது. பால்மாவு டின் மூடியைத் திறக்க முடியாது. மகளின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் போட முடியாது. சோற்றைப் பிசையலாம், ஆனால் வாயருகே கொண்டுபோவதற்குள் பாதி மடியில் விழுந்துவிடும். இத்தனைக்கும் என் கட்டைவிரல் எங்கும் போய்விடவில்லை. கையிலேதான் இருந்தது, பார்க்கவும் நன்றாகவே இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். மெஷினில் மாட்டி நசுங்கியிருந்தால் நாலு பேர் ஐயோ பாவம் என்றிருப்பார்கள். மௌஸ் பிடித்துப் பிடித்துக் கை போய்விட்டது என்றால் சிரிக்கிறார்கள்.

இப்போது தையல் பிரித்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பேனா பிடிக்க முடிகிறது, அதனால் எழுதுகிறேன். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் இதைப் படித்துவிட்டு, நான் இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போல இருக்காமல் இருந்தால் போதும்.

என் பெயர் இந்திராணி. பினாங்கில், பாயான் பாருவில் குடியிருக்கிறோம். ஃபேக்டரி வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். பதினெட்டு வயதில் அங்கே சேர்ந்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு மயிரை விட மெல்லிய கம்பியை ஒட்டுகிற லைனில் பதினோரு வருஷம் இருந்தேன். மூன்று ஷிஃப்டும் பார்த்தேன். மாலை வகுப்புக்குப் போய்ப் படம் வரையப் படித்து, பரீட்சை எழுதி, வரைபட அறைக்கு மாறினேன். லைனில் இருந்து அந்த ஏசி அறைக்குப் போன முதல் ஆள் நான்தான். அந்த நாற்காலி எனக்குச் சும்மா கிடைத்ததல்ல. கை வலி வந்தபோது நான் வெளியே சொல்லாமல் இருந்ததற்கு அந்த நாற்காலிதான் காரணம். வேகம் குறைந்தால் திரும்ப லைனுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்.

ரேடியோவைத் திறந்தால் உள்ளே ஒரு பச்சைப் பலகை இருக்கும். அதில் ஓடுகிற மெல்லிய கோடுகளைக் கம்ப்யூட்டரில் வரைவதுதான் எங்கள் வேலை. கோடு தொடங்க ஒரு அழுத்து, திருப்ப ஒரு அழுத்து, முடிக்க ஒரு அழுத்து. ஒரு நாள் எத்தனை தடவை அழுத்துகிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். காலை டீக்கு முன்பே ஆயிரத்தைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அறையில் நாங்கள் நான்கு பேர். நான்கு பேரும் பெண்கள். எங்களுக்கு மௌஸ் வாங்கிய கதையைச் சொல்லத்தான் வேண்டும். விற்பனைக்காரர் ஒருவர் பெட்டி நிறைய மாதிரிகளோடு வந்திருந்தார். மீட்டிங் அறையில் ஐந்து எஞ்சினியர்கள், ஐந்து பேரும் ஆண்கள், ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்கள். இதுதான் கை நிறைய உட்காருகிறது என்று ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்கள். நான் அப்போது அவர்களுக்குக் கோப்பி வைத்துக்கொண்டிருந்தேன். அதை நாள் முழுக்கப் பிடிக்கப்போகிறவள் அங்கேயே நிற்கிறாள், ஒரு தடவை தொட்டுப் பார் என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

என் கை சின்னக் கை. மார்க்கெட் ஸ்திரீட் வளையல் கடைகளில் எனக்குச் சின்னப் பிள்ளைகள் அளவுதான் சரிவரும். அந்த மௌசின் முதுகு மேடாக, அகலமாக இருக்கும். உள்ளங்கையை அதன் மேல் வைத்தால் விரல் பொத்தானுக்கு எட்டாது. விரலை எட்டவைத்தால் உள்ளங்கை அந்தரத்தில் நிற்கும். மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றி, கையை மேல்நோக்கி வளைத்து, கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் இரண்டு பக்கமும் இடுக்கிப் பிடித்துத்தான் அதை நகர்த்தினேன். மூன்று வருஷம் அப்படித்தான் வேலை செய்தேன்.

முதலில் விரல் நுனிகள் மரத்தன. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டுவிரலுக்கு ஒன்றும் இல்லை. இந்தக் கணக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தது. ஒரு விரலில் பாதி மட்டும் எப்படி மரத்துப்போகும்? அப்புறம் தூக்கத்தில் கை எரிந்து எழுப்ப ஆரம்பித்தது. எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் கொஞ்சம் அடங்கும்.

என் கணவர் மாறன் மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறார். நல்ல மனுஷன். ஆனால் அவர் வாயில் முதலில் வந்தது இதுதான்.

"காத்து புடிச்சிருக்கும்லா. உருட் மக்சிக்கிட்ட போய்த் தேச்சிக்கிட்டு வா, சரியாயிரும்."

உருட் என்றால் எண்ணெய் போட்டு உருவிவிடுவது. மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் கீழ்வீட்டு மலாய் அம்மா அதில் கைராசிக்காரர். உருவிவிட்டு மணிக்கட்டைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். மறுநாள் இரண்டு மடங்கு வலி. பாவம், அவரைக் குறை சொல்ல மாட்டேன், நெருக்கடியாகக் கிடக்கிற இடத்தை இன்னும் இறுக்குகிறோம் என்று அவருக்குத் தெரியாது. கம்பெனி கிளினிக் டாக்டரைக் குறை சொல்வேன். அவர் என் கையைத் தொடவே இல்லை. வீட்டில் துணி பிழிகிறாயா, மாவு பிசைகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொம்பளைகளுக்கு இந்த வயதில் வருவதுதான் என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் அதே மாத்திரை. மௌஸ் என்ற வார்த்தையை நான் சொன்னபோது அவர் எழுதுவதை நிறுத்திக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு நாள் காலை என் மகள் கவிதாவின் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றேன். கட்டைவிரலில் பிடிமானமே இல்லை. பள்ளி வேன் கீழே ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் தானே போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். அன்றைக்குத்தான் லீவு போட்டுவிட்டு டவுனில் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அந்தக் காத்திருக்கும் கூடத்தைப் பற்றி என்ன சொல்ல. காலை ஏழு மணிக்கு நம்பர் எடுத்தால் பதினொன்றரைக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டு, இது எலும்புப் பிரிவு, அடுத்த செவ்வாய் வாருங்கள் என்பார்கள். அடுத்த செவ்வாய் போனால், நரம்புப் பரிசோதனை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்பார்கள். பரிசோதனைக்குத் தேதி ஏழு வாரம் கழித்து. தனியார் ஆஸ்பத்திரியில் மறுநாளே எடுப்பார்களாம். விலையைக் கேட்டுவிட்டு ஏழு வாரமே காத்திருந்தேன். பரிசோதனை என்றால், கையில் சின்னச் சின்ன ஷாக் கொடுத்து, மணிக்கட்டைத் தாண்டி அது விரலுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. இடது கையில் கொடுத்தபோது துள்ளினேன். வலது கையில் கொடுத்தபோது, கொடுத்தார்களா என்று கேட்டேன்.

எலும்புப் பிரிவு டாக்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்காரர். பிறந்து வளர்ந்தது பினாங்கில்தான், ஆனால் பேச்சு இன்னும் அவர்கள் வீட்டுப் பேச்சு. அவர்தான் முதன்முதலாக என் கையைப் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதைமேட்டைத் தொட்டுக் காட்டினார். இடது கையில் உப்பியிருந்தது, வலது கையில் தட்டையாகிவிட்டிருந்தது.

"மணிக்கட்டுக்குள்ள ஒரு ஒடுங்கின பாதை இருக்கு. கீழ எலும்பு, மேல ஒரு தடிச்ச பட்டை. அதுக்குள்ளால விரல் மடக்கிற நாண்கள் ஒன்பதும் ஒரு நரம்பும் போகுது. நாண்கள் வீங்கினா நரம்பு நசுங்கும். அந்த நரம்பு போற விரல்தான் விறைக்கும், சுண்டுவிரலுக்கு வேற நரம்பு. விளங்குதோ?"

விளங்கியது. பாதி விரலின் கணக்கு அன்றைக்குத்தான் எனக்குத் தீர்ந்தது. சுகமாகக்கூட இருந்தது, நான் கற்பனை செய்யவில்லை என்று தெரிந்ததில்.

"பட்டையை வெட்டி விடலாம், சின்ன ஒப்பரேஷன்தான். ஆனா தசை வத்தத் தொடங்கிட்டுது. இன்னும் சுணங்கினா, வெட்டினாலும் அந்தப் பலம் திரும்பி வராது. அதுக்கு முதல் ஒண்டு, நீங்கள் பிடிக்கிற அந்த மௌசைக் கொண்டு வாங்கோ. நான் பாக்க வேணும்."

கேட்பதற்கு எவ்வளவு சுலபம்! எங்கள் ஃபேக்டரி வாசலில் ஜாகாக்கள், அதாவது காவல்காரர்கள், நின்று எல்லாருடைய பையையும் திறந்து பார்ப்பார்கள். ஒரு திருகாணிகூட வெளியே போக முடியாது. எதையாவது கொண்டுபோக வேண்டுமானால் கேட் பாஸ் வேண்டும். பிரிவுத் தலைவர் லிம்மிடம் கேட்டேன். டாக்டர் கடிதம் கொண்டுவா என்றார். கடிதம் வாங்க இன்னொரு செவ்வாய். கடிதத்தைப் பார்த்துவிட்டு, பெர்சனல் ஆபீசில் கேள் என்றார். பெர்சனல் ஆபீசர் குணசீலன் நம் தமிழர்தான், என்னை விடச் சின்னவர்.

"அக்கா, ஃபாரத்தில வெளிய கொண்டு போற காரணம்னு மூணே மூணுதான் இருக்கு. ரிப்பேர், கடைக்காரனுக்குத் திருப்பறது, கஸ்டமருக்குக் காட்டறது. ஆஸ்பத்திரிக்குன்னு கட்டம் இல்லையே, நான் எங்க டிக் பண்றது?"

"என் கை போய்க்கிட்டு இருக்கு தம்பி. எதுலயாச்சும் டிக் பண்ணுங்க."

"போஸ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்கா."

கேட்டுக்கொண்டு வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நான் அதே மௌசைப் பிடித்து அதே கோடுகளை வரைந்தேன். கடைசியில் ரிப்பேர் என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்தார்கள்.

டாக்டர் மௌசைத் தன் கைக்குள் வைத்துப் பார்த்தார். "எனக்கெண்டு செய்த மாதிரி இருக்கு" என்றார். அவருக்கு நீண்ட விரல்கள். பிறகு என் கையை வைக்கச் சொன்னார். வைத்ததும் அவர் முகம் மாறியது. என் மணிக்கட்டு எந்த அளவு மடங்குகிறது என்று பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். அப்புறம் மௌசை மேசையில் உருட்டினார். அது இழுத்து இழுத்து நகர்ந்தது. கீழே இருந்த மூடியைத் திருகித் திறந்து உள்ளே இருந்த ரப்பர் உருண்டையை எடுத்தார். உருண்டை உராய்கிற சின்னத் தண்டுகள் இரண்டிலும் மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருந்தது, நடுவில் சிவப்பு. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"இது என்ன, சந்தனமோ?"

எனக்கு முகம் சுட்டது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எங்கள் லைன் பெண்கள் மெஷின்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அந்த வழக்கத்தை நான் ஏசி அறைக்கும் கொண்டுபோயிருந்தேன். திரைக்கு ஒரு பொட்டு, கீபோர்டுக்கு ஒரு பொட்டு. மௌசின் முதுகில் வைத்ததோடு நிற்காமல், வேலை செய்வது அடியில் இருக்கிற உருண்டைதானே என்று அதைக் கவிழ்த்து அதற்கும் தாராளமாக வைத்தேன். மூன்று வருஷம். அது போதாதென்று தினமும் காலையில் வேலை தொடங்குமுன் ஒரு சிட்டிகை திருநீறு மௌஸ் ஓடும் பலகையில். எனக்குச் சோறு போடுகிற சாமானுக்கு மரியாதை செய்தேன், அது உள்ளே போய் அடைத்துக்கொண்டது. என் பக்திக்கு நானே தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான், அதற்கும் கை வேண்டுமே.

"அப்ப சந்தனம்தான் காரணமா டாக்டர்?"

"ஓடாததால அமத்தி அமத்திப் பிடிச்சிருக்கிறீங்கள். அது கூட்டியிருக்கும். ஆனா உங்கட விரல் பொத்தானுக்கு எட்டாததுக்குச் சந்தனம் என்ன செய்யும்?"

இரண்டையும் அறிக்கையில் எழுதினார். அடுத்த வாரமே ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்.

ஆபரேஷன் என்றால் முழு மயக்கம் இல்லை. கையை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். நடுவில் ஒரு பச்சைத் துணித் திரை. அதற்கு அந்தப்பக்கம் என் கையை அறுத்துக்கொண்டே டாக்டரும் நர்சும் பாலிக் பூலாவ் டுரியான் பழம் இந்த வருஷம் விலை ஏறியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கட்டைவிரல் திரும்பி வருமா என்று கேட்க நினைத்தேன், டுரியான் பேச்சில் குறுக்கிட வெட்கமாக இருந்தது.

வார்டில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில், நாள் முழுக்கச் சட்டியில் நூடுல்ஸ் வறுத்து சார் குவே தியாவ் விற்கும் ஒரு சீன அம்மா. அவருக்கும் அதே நோய், அதே கை, அதே கட்டு. கரண்டி பிடித்து வந்தது என்று அவர் சொன்னதும் நர்சு, பார்க்க வந்தவர்கள், தரை துடைப்பவர் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். மௌஸ் பிடித்து வந்தது என்று நான் சொன்னதும் தரை துடைப்பவர் சிரித்துவிட்டார். உட்கார்ந்த இடத்தில் செய்யும் வேலையில் என்ன நோவு என்று அவருக்கு. அந்தச் சீன அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தன் இடது கையால் எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுக்கப் பார்த்தார். உரிக்க முடியாமல் கடைசியில் இருவரும் நர்சிடம் கொடுத்தோம்.

மாறன் தினமும் கடை சாத்துமுன் முதலாளியிடம் சொல்லிவிட்டு மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்து பஸ் பிடித்து வந்தார். சோற்றைப் பிசைந்து உருண்டைகளாகப் பிடித்து, கரண்டியில் எடுக்க வாகாக அடுக்கிக் கொண்டுவந்தார். உருவச் சொன்னது தப்பு என்று அவராகவே ஒரு நாள் சொன்னார். தலை பின்னிவிடவும் உட்கார்ந்தார்.

"என்னங்க இது, பின்னலா, கப்பல் கயிறா?"

"கடையில பத்து கெஜம் துணி மடிக்கிறேன், அது அடங்குது. ஒன் முடி அடங்க மாட்டேங்குதுலா."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதும்விட்டேன்.

மூன்றாம் நாள் குணசீலன் ஆப்பிள் பையோடு வந்தார். பைக்குள் ஒரு ஃபாரமும் இருந்தது.

"அக்கா, நல்லதுக்குச் சொல்றேன். வீட்டு வேலை செஞ்சு வந்திருச்சுன்னு எழுதிக் குடுத்துருங்க. லீவு முழுச் சம்பளத்தோட போட்டுறலாம், ஒங்க எடமும் அப்படியே இருக்கும். மௌஸ்னு எழுதினா விசாரணை வைப்பாங்க. அது முடியற வரைக்கும் ஒங்க எடத்துல வேற ஆளு உக்காருவாங்க. அப்புறம் எந்திரிக்கச் சொல்றது கஷ்டம்கா."

"எனக்கு இப்ப எழுத வராது தம்பி. பாருங்க."

அதற்கும் அவர் தயாராக வந்திருந்தார். சட்டைப் பையில் இருந்து மை டப்பாவை எடுத்தார். இடது கை நாட்டு வைத்தால் போதுமாம். பதினோரு வருஷம் லைனில் இருந்து, ஷிஃப்ட் முடிந்த கையோடு வகுப்புக்கு ஓடிப் படித்தவள் நான். என்னிடம் கைநாட்டு. அந்த நிமிஷம் வந்த கோபத்தில் எனக்கு வலிகூடத் தெரியவில்லை.

"தையல் பிரிக்கட்டும். நானே எழுதித் தர்றேன். அந்த டப்பாவ உள்ள வைங்க."

தையல் பிரித்த மறுநாள் எழுதினேன். ஒரு பக்கம் எழுத அரை நாள் ஆனது. மௌஸ் என் கைக்குப் பெரிது என்பதை எழுதினேன். யார் தேர்ந்தெடுத்தார்கள், யாரைக் கேட்கவில்லை என்பதையும் எழுதினேன். சந்தனம் வைத்ததையும் எழுதினேன். அதை விட்டுவிடு என்று மாறன் எவ்வளவோ சொன்னார். டாக்டரின் அறிக்கையில் இருக்கிறது, நான் மறைத்தால் மற்றதும் பொய்யாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது.

விசாரணை ஒரு மாதம் நடந்தது. அந்த ஒரு மாதமும் ஸ்டோரில் பழைய வரைபடங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். முடிவு வந்தது. இடம் திரும்பக் கிடைத்தது, ஆனால் மூன்று மாதம் பார்ப்பார்களாம், வேகம் வராவிட்டால் லைன். கூடவே எல்லா அறைகளிலும் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். கம்ப்யூட்டர் சாதனங்களில் வழிபாட்டுப் பொருள் எதையும் பூசக்கூடாது, பூசினால் ஒழுங்கு நடவடிக்கை. அவ்வளவுதான். மௌசின் அளவைப் பற்றி ஒரு வரி இல்லை. என் மேசையில் அதே மௌஸ், சுத்தமாகத் துடைத்து, உருண்டை பளபளவென்று. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. சந்தனம் வைக்காதே என்று சொல்ல ஒரு நாள் போதுமாக இருந்தது அவர்களுக்கு. விரல் எட்டவில்லை என்பதைக் கேட்க ஒரு ஆள் இல்லை. என் கட்டைவிரலில் முக்கால் பலம்தான் திரும்பியிருக்கிறது. மிச்சம் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மூன்று வார கேட் பாசை நினைத்தால் இன்னும் எனக்கு நெஞ்சு கொதிக்கும்.

நான் திரும்பிப் போன நான்காம் வாரம், மதியச் சாப்பாட்டுக்கு மற்றவர்கள் எழுந்து போனபிறகு, எனக்கு அடுத்த மேசை மெய் லிங் நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தாள். இருபத்தைந்து வயதுப் பெண். நாங்கள் இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அக்கா, அந்த ஆஸ்பத்திரியில் கைக்குப் பார்ப்பது செவ்வாய்க்கிழமையா, வியாழக்கிழமையா என்று கேட்டாள். ஏன் என்றேன். வலது கையை மேசை மேல் வைத்தாள். கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, மோதிர விரலில் பாதியோடு நிறுத்தினாள்.

மெய் லிங் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அவள் மௌசில் ஒரு நாளும் யாரும் சந்தனம் வைத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணிக்கே போய் நம்பர் எடு என்றேன். மூன்று மாதத்தில் எனக்கு இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருக்கிறது. இன்னொரு கடிதம் எழுதி இதில் கையை வைத்தால் என் நாற்காலி நிச்சயம் இல்லை என்று தெரியும். தெரிந்தே மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். பேனா இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டேன். போன கடிதத்தை நான் என்று தொடங்கியிருந்தேன். இதை நாங்கள் என்று தொடங்கினேன்.